கொசுவின் ஆள்காட்டி விரல்

என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொசு என்றால்தான் தெரியும். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவர். எடுத்தது தெரியாமல் எடுக்கிறவர், அதனால் அந்தப் பட்டம். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை வேறு. கல்யாணமான புதிதில் ஒரு நர்ஸ் என்னைப் பார்த்து, "ஓ, நீங்கதான் கொசுவோட வீட்டம்மாவா?" என்று கேட்டபோது எனக்கு வந்ததே கோபம்! வீட்டுக்கு வந்து குதித்தேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "கொசுன்னா என்ன குறைச்சல்? அது குடிச்சிட்டுப் போனப்புறந்தானே ஆளுக்குத் தெரியுது" என்றார். அப்படிப்பட்ட ஆளிடம் என்னத்தைப் பேசுவது?

ஆனால் வேலையில் அவர் மன்னன்தான். அதை நானே ஒப்புக்கொள்கிறேன். கைக்குழந்தைகளின் கொழுத்த கையில் ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் கண்ணுக்குத் தெரியாது. வருஷக்கணக்காக ஊசி வாங்கிய நோயாளிகளுக்கோ இருக்கிற குழாயெல்லாம் ஓடி ஒளிந்திருக்கும். மற்றவர்கள் அங்கே ஒரு குத்து, இங்கே ஒரு குத்து குத்திப் பார்த்துவிட்டு, "கொசுவைக் கூப்பிடுங்கப்பா" என்று கையை விரித்துவிடுவார்கள். இவர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஏன் கண்ணை மூடுகிறீர்கள் என்று கேட்டால், "கண்ணு தேவையில்லாததெல்லாம் பாக்கும்" என்பார். கொஞ்ச நேரத்தில் விரல் ஓரிடத்தில் நின்றுவிடும். அவ்வளவுதான், ஒரே குத்து. குழந்தை அழத் தொடங்கும்போது பஞ்சு வைத்து முடித்திருப்பார்.

லீவு நாள் என்றால் மனிதர் வீட்டில் தங்கமாட்டார். விடிவதற்கு முன்பே தூண்டிலை எடுத்துக்கொண்டு கடலோரத் தடுப்புப் பாறைக்குப் போய்விடுவார். சரி, போகட்டும், ஒரு புழுவோ இறாலோ மாட்டி வீசினால் நியாயம். இவர் வீசுவது ரப்பர் மீன். விரல் நீளத்தில் வழவழவென்று இருக்கும். வால் மட்டும் இலை மாதிரி மெல்லியது. ஈயத்தலை வைத்த முள்ளில் அதைக் கோர்த்துத் தண்ணீரில் போட்டால் வால் ஆடும். கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு, தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை என்று கலர் கலராக வாங்கி டப்பாவில் அடுக்கி வைத்திருப்பார். எனக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுக்க அரை நாள் யோசிக்கிற மனிதர்! "பொம்மையைக் காட்டி மீனை ஏமாத்துறதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு பையி" என்று நான் புலம்புவது அவர் காதில் ஏறியதே கிடையாது.

அவர் சொல்வது இதுதான். ரப்பர் மீனை வீசி அடியில் உட்காரவிட வேண்டும். தூண்டில் நுனியை மெல்லத் தூக்கி, மறுபடி விழவிட வேண்டும். விழும்போதுதான் மீன் கடிக்கும். புழுவாக இருந்தால் ருசிக்காக வாயில் வைத்திருக்கும். ரப்பரைக் கடித்ததும் ஏமாந்தது தெரிந்து துப்பிவிடும். அந்த ஒரு நொடிக்குள் தூண்டிலை வெடுக்கென்று சுண்ட வேண்டும். அதற்கு நூலின்மேல் ஆள்காட்டி விரலை வைத்திருக்க வேண்டும். ஒரு தட்டு வரும். "உள்ள இருந்து யாரோ தட்டுற மாதிரி" என்பார். அதே விரல்தான். ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயைத் தேடும் அதே விரல்.

அந்த விரலுக்குத்தான் வந்தது கேடு.

குடலில் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். அப்புறம் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினார்கள். ஊருக்கெல்லாம் ஊசி குத்தியவர் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். குத்த வந்த பெண் ஊசியை எடுப்பதும் வைப்பதுமாக நின்றாள். கொசுவுக்கே ஊசி போடுவதென்றால் சும்மாவா? "பயப்படாதம்மா, கொஞ்சம் இடப்பக்கம் போ, அங்கதான் இருக்கு" என்று அவரே வழி சொன்னார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

கட்டி போய்விட்டது. அதற்குக் கோடி கும்பிடு. ஆனால் மருந்து போகும்போது விரல்களை எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் முள்ளாகக் குத்துகிறது என்றார். பிறகு குத்துவதும் நின்று மரத்துப்போனது. சட்டைப் பொத்தானைப் போடக் கண்ணாடி முன்னால் நிற்பார். கையில் சாவியை வைத்துக்கொண்டே சாவியைத் தேடுவார். செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல் வாசல்வரை நடந்துவிடுவார். டாக்டரிடம் கேட்டோம். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "வரலாம். வராமலும் போகலாம். நரம்பு விஷயம், நம்ம அவசரத்துக்கு வராது" என்றார்.

பரிசோதனைக் கூடத்துப் பொறுப்பாளர் அம்மாவும் நல்லவர்தான். யாரையாவது திட்டித் தீர்க்கலாம் என்று பார்த்தால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கெட்டவர்கூடக் கிடைக்கவில்லை. "உங்க ஸ்டூல் அப்படியே இருக்கு. எப்ப முடியும்னு நீங்களே சொல்லுங்க. முடியலைன்னா பதிவு கவுன்ட்டர்ல உக்காருங்க, சம்பளத்துல கை வைக்கமாட்டேன்" என்றார். பதிவு கவுன்ட்டர் என்றால் பெயர், வயசு கேட்டுத் தட்டச்சு செய்து சீட்டு கொடுப்பது. இவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் என் கையில் பழகிப் பார்த்தார். கண்ணை மூடி, என் முழங்கை மடிப்பில் விரலை வைத்து, "இங்கதான?" என்றார். சரியாகச் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் முகம்தான் விழுந்துவிட்டது. "உன் கை எனக்கு மனப்பாடம். விரல் சொல்லல, நாந்தான் சொன்னேன்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர், மகள், மாப்பிள்ளை என்று எல்லோரும் கையை நீட்டினார்கள். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தப்பாக அழுத்தினாலும், "ஆமா, ஆமா, அதுதான்" என்றார்கள்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "மீனுக்கு என் வியாதி தெரியாது. அது பாவம் பாத்துக் கடிக்காது. ஒரு கடி, ஒரே ஒரு கடி விரல்ல தெரிஞ்சு நானா சுண்டிட்டேன்னு வை, ஸ்டூல்ல போய் உக்காந்துடுவேன். தெரியலைன்னா ஊசியைத் தொடமாட்டேன்."

இப்படி ஒரு பரீட்சையை உலகத்தில் யாராவது வைத்துக்கொள்வார்களா? ஆனால் அவர் சொன்னதில் எனக்குக் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. அதனால் நானும் கூடவே கிளம்பினேன். ஆசையாகப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். காலும் மரத்துப்போன மனிதர், பாசி பிடித்த பாறையில் ஏறுகிறேன் என்கிறார். விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து நான் நகத்தைக் கடிக்கவா? எனக்குத் தண்ணீர் வாரியத்தில் புகார் போன் எடுக்கிற வேலை. நாள் முழுக்க ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்க வேண்டும். அதற்கு முன்னால் விடியற்காலையில் கடற்காற்றையும் வாங்க வேண்டியதாயிற்று.

குளிர் ஆகாது என்பதால் கையுறை போட்டுக்கொள்வார். வலது கையுறையில் ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் கத்தரித்திருந்தார். முடிச்சுப் போடுவது என் பொறுப்பு. நூலைச் சுற்றி, எச்சில் தொட்டு, இறுக்கி, முள்ளைத் தொங்கவிட்டுக் கொடுப்பேன். ரப்பர் மீனைக் கோர்ப்பதை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். இருட்டு மெல்ல வெளுக்கும்போது வீசுவார். தூக்குவார். விழவிடுவார். மறுபடி தூக்குவார். சுருட்டி எடுத்துப் பார்த்தால் ரப்பர் மீனுக்கு வால் இருக்காது.

"பேத்தை மீனு" என்பார் முதலில். பேத்தைக்குக் கத்தரிக்கோல் மாதிரி பல்லாம், சத்தமில்லாமல் நறுக்கிவிடுமாம், அதை யாராலும் உணர முடியாதாம். சரி என்று விட்டேன். ஆனால் நானும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேனே! பேத்தை கடித்தால் வெட்டு வட்டமாக, சுத்தமாக இருக்கும். இவருடைய ரப்பர் மீன்களில் பாதி, முள்ளிலிருந்து இழுபட்டுச் சுருண்டு கிழிந்து வந்தன. பெரிய மீன் பிடித்து இழுத்திருக்கிறது. இழுத்து, ஏமாந்து, துப்பியும் இருக்கிறது. இவருக்குத் தெரியவில்லை. கிழிந்ததை என்னிடம் காட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். துவைக்கும்போது நான்தானே எடுக்கிறேன்!

பாறையில் எங்களுக்கு ஒரு துணை உண்டு. பேக்கரிக்காரர். அடுப்பு வேலை முடிந்ததும் தலைமுடியில் மாவோடு நேரே தூண்டிலுக்கு வந்துவிடுவார். இவரை அண்ணே என்பார், என்னை அக்கா என்பார். அது என்ன முறையோ! ஒருநாள் இவருடைய தூண்டில் நுனி வளைந்தது. நானும் பார்த்தேன், பேக்கரிக்காரரும் பார்த்தார். இவர் மட்டும் சிலை மாதிரி நின்றார்.

"அண்ணே, அடி! அடிண்ணே!" என்று பேக்கரிக்காரர் கத்திவிட்டார்.

இவர் சுண்டினார். மாட்டிக்கொண்டது. நல்ல கொடுவா மீன், முழங்கை நீளம். பாறைமேல் கிடந்து துள்ளியது. பேக்கரிக்காரர் குதிக்கிறார், நான் கைதட்டுகிறேன். இவர் முள்ளைக் கழற்றினார். மீனைத் தூக்கித் தண்ணீரில் விட்டுவிட்டார்.

"ஐயையோ, ஏண்ணே?"

"அது உன் மீன்டா. உன் வாய் பிடிச்ச மீன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கும் சேத்துதான் சொல்றேன். நுனி வளைஞ்சாலும் சரி, தூண்டிலே உடைஞ்சாலும் சரி, யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

திறக்கவில்லை. ஐயோ, அதைப்போல ஒரு தண்டனை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. வாயை வைத்துப் பிழைக்கிறவள் நான். அந்த நுனி லேசாக ஒருமுறை குனியும். நின்று, மறுபடி குனியும். இதோ, இதோ என்று எனக்குத் தொண்டைவரை வரும். முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வேன். அவர் கடலைப் பார்த்தபடி நிற்பார், விரல் நூலின்மேல் இருக்கும், முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. நுனி நிமிர்ந்துவிடும். போய்விட்டது. பேக்கரிக்காரர் தன் பாட்டுக்குத் தலையைக் குனிந்துகொள்வார். பக்கத்திலேயே நின்றும் ஒன்றும் செய்ய முடியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். கடலைத் திட்டினேன், மருந்தைத் திட்டினேன், அந்த மீன்களின் ஏழு தலைமுறையையும் மனசுக்குள் திட்டினேன்.

இன்னொரு நாள் சூரியன் ஏறியபின் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். ஊர்க்கதை பேசிக்கொண்டே டப்பாவை மூடினார். டப்பா மூடியெல்லாம் சிவப்பு. பார்த்தால், ஆள்காட்டி விரல் நுனியில் முள் ஏறி நிற்கிறது. ரப்பர் மீன் அதிலிருந்து தொங்கி ஆடுகிறது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, விரலு... விரலைப் பாருங்க!"

பார்த்தார். கொஞ்ச நேரம் யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நல்லாத்தான் வருது. ரத்தத்துல ஒண்ணும் குறையில்ல" என்றார். வேடிக்கை பண்ணுகிறாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளினிக்கில் முள்ளை எடுக்கும்போதும் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் நான் அந்த இடத்திலேயே சந்தோஷத்தில் ஆடியிருப்பேன்.

அந்த வாரம் பொறுப்பாளர் அம்மா போன் செய்தார். பாவம், தயங்கித் தயங்கிப் பேசினார். குழந்தைகள் பிரிவில் ஆள் இல்லாமல் திண்டாடுகிறார்களாம். ஒன்று இவர் வர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட வேண்டும். திங்கட்கிழமை சொல்லுங்கள் என்றார். இவர், "சொல்றேன் மேடம்" என்றார்.

ஞாயிறு காலை பேக்கரிக்காரர் வரவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான். காற்று அடங்கி, தண்ணீர் தகடாகக் கிடந்தது. இவர் வெள்ளை ரப்பரை மாட்டினார். வீசினார். நுனி குனிந்தது, நிமிர்ந்தது. சுருட்டினார். வால் கிழிந்திருந்தது. புதிது மாட்டினார். மறுபடியும் அதே கதை. அதற்கப்புறம் வீசவில்லை. கிழிந்த ரப்பரை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

"இந்தா, நீ பிடி" என்றார்.

"நானா? எனக்கு என்னங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். விரலை நூல் மேல வை. இன்னிக்கு மீனு ரொம்ப மெதுவாக் கடிக்குதுன்னு நினைக்கிறேன். உனக்கும் தெரியலைன்னா என் விரல் மேல தப்பு இல்லைன்னு அர்த்தம். நாளைக்குப் போய் உக்காந்துடுவேன்."

அவர் குரலில் அத்தனை நாளாக இல்லாத ஒரு தெம்பு. குழந்தைக்கு மிட்டாய் காட்டிய மாதிரி முகம் மலர்ந்திருந்தது. தானே வீசி, தூண்டிலை என் கையில் கொடுத்தார். என் விரலை எடுத்து நூலின்மேல் வைத்தார். என் தோள்மேல் கை போட்டு, நுனியைப் பார்க்கக் கூடாது என்று கடலைவிட்டுத் திரும்பிக் கரையைப் பார்த்து நின்றுகொண்டார்.

தூக்கினேன். விழவிட்டேன். ஒன்றுமில்லை. கடிக்காதே, கடிக்காதே என்று வேண்டிக்கொண்டேன். இதுவரை எந்த மீனிடமும் நான் இவ்வளவு கெஞ்சியதில்லை. இன்னொருமுறை தூக்கி, விழவிட்டேன்.

வந்தது.

அதை எப்படிச் சொல்வது? அவ்வளவு சன்னம். அவ்வளவு தெளிவு. கும்மிருட்டில் ஒருவர் என் விரலை மட்டும் தொட்டுக் கூப்பிட்டதுபோல. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வருஷக்கணக்காக இந்த மனிதர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எதற்காக இங்கே ஓடி வந்தார் என்பது எனக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. இனிமேல் புரிந்து என்ன பயன்? நான் சுண்டவில்லை. நூல் தளர்ந்தது.

சுருட்டி எடுத்தேன். அவர் திரும்பினார். ரப்பர் மீன் முள்ளில் பாதி இழுபட்டுக் கிழிந்து தொங்கியது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கடிச்சிருக்கு" என்றார். "உனக்குத் தெரிஞ்சுதா?"

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் அவருக்கு வேண்டும். சொன்னால் போதும், நாளைக்கு வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி கிளம்பிவிடுவார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்புறம் ஒரு கைக்குழந்தையின் கை என் கண்ணில் வந்து நின்றது. இவர் கண்ணை மூடிக்கொள்கிறார். விரல் எங்கேயோ நிற்கிறது. ஊசி இறங்குகிறது.

"தெரிஞ்சுதுங்க" என்றேன். "நல்லாவே தெரிஞ்சுது."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை. என் கையிலிருந்து தூண்டிலை வாங்கிப் பாறையில் சாய்த்தார். முள்ளைக் கழற்றி டப்பாவில் வைத்தார்.

"அப்ப கவுன்ட்டர்தான்" என்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார். "எப்படி இருந்துச்சு? சொல்லேன்."

"என்னத்தைச் சொல்ல? தட்டுச்சு. நீங்க சொல்வீங்களே, அது மாதிரி."

"பலமாவா, மெதுவாவா?"

"மெதுவா."

கையுறையைக் கழற்றினார். என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டில் ஆள்காட்டி விரலால் தட்டினார். கதவைத் தட்டுகிற தட்டு. "இப்படியா?"

"இல்லீங்க. இன்னும் மெதுவா."

மறுபடி தட்டினார். அதுவும் வலித்தது. "இப்படி?"

"இன்னும் கொஞ்சம்."

ஆஸ்பத்திரியில் செய்வதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை அடக்கிக்கொண்டு விரலை மெல்ல இறக்கினார். விரல் என் தோலைத் தொடவில்லை. தொடுவதற்குக் கொஞ்சம் மேலேயே நின்று, காற்றில் ஒருமுறை தட்டியது. இன்னொருமுறை தட்டியது.

"இப்படியா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். "இதேதான்."